அவுட்டரில் நிற்கும் வண்டி

தில்லியில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு வெளியே போய்வந்தாலும் மேஜைமேல் மண் படிந்திருக்கும். ராஜஸ்தான் பக்கத்திலிருந்து காற்று கொண்டுவருகிறது என்பார்கள். சரி, சாத்திய ஜன்னலுக்குள் யார் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. ஊரில் இருப்பவர்களுக்கு மண் என்றால் காலில் ஒட்டுவது. இங்கே அது தலையணையிலும் டிபன் பாக்ஸ் மூடியிலும் இருக்கும். மற்றவர்கள் துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் மூன்று பேருக்கு மட்டும் அது ஜன்ம விரோதி, ஏனென்றால் எங்களிடம் ஒரு ரயில்பாதை இருந்தது.

நிஜ ரயில்பாதை இல்லை. ஆர்.கே.புரத்தில் ஓர் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் உள்ளறையில், பிளைவுட் பலகைமேல் நாங்களே போட்டது. ஒரு சாண் நீளப் பெட்டிகள், விரல் அகலத் தண்டவாளம், பாலம், வயல், குன்று, ஸ்டேஷன். இஞ்சினுக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் ஏற வேண்டும். நடுவில் துளி மண் இருந்தாலும் வண்டி நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதல் வேலை, கிழிந்த பனியனை ஸ்பிரிட்டில் நனைத்து லைன் முழுவதையும் துடைப்பது. அந்த வாசனை மாடிப்படி வரை போகும். பக்கத்து வீட்டு குப்தாஜி ஒருநாள் எங்களுக்கு இடம் கொடுத்த வீட்டு அம்மாவை நிறுத்தி, மிகவும் துக்கமான முகத்தோடு, “பாபிஜி, ஹர் ஸண்டே?” ஒவ்வொரு ஞாயிறுமா என்று விசாரித்தார். நண்பர்கள் வந்துபோவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அந்த அம்மாள், “ஹான் ஜி, ஹர் ஸண்டே. பஹுத் அச்சா” என்று சந்தோஷமாக ஆமோதித்துவிட்டு வந்தார். அதன்பிறகு குப்தாஜி எங்களை எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுக் குடிகாரப் பட்டம் வாங்கியவர்கள் நாங்கள்.

அந்த வீடு சங்கரனுடையது. அதாவது அரசாங்கத்துடையது, அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பாளையங்கோட்டைக்காரர், கணக்குப் பிரிவில் அதிகாரி, வாய் மட்டும் சந்தைக்கடை. இன்னொருவர் பழனிசாமி. பொள்ளாச்சிப் பக்கம். விமானப்படைப் பட்டறையில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டு ஜனக்புரியில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர். மூன்றாவது நான். மாயவரம், குமாஸ்தா, அதே காலனியில் ஓரறைக் குவார்ட்டர்ஸ். நாங்கள் பழகியதே வராத வண்டியால்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம், சென்னை வண்டியில் வரும் உறவுக்காரர்களுக்காக மூவரும் தனித்தனியே புதுதில்லி ஸ்டேஷனில் காத்திருந்தோம். வண்டி அவுட்டரில் நிற்கிறது என்றார்கள். இரண்டு நாள் ஓடிவந்த வண்டியை ஊர் வாசலில் சிக்னல் இல்லாமல் நிறுத்திவைப்பது இங்கே வழக்கம். தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்டதும் சங்கரன் யாரிடமும் இல்லாமல், “டீசல் இஞ்சின்லா மாட்டிருக்கான்” என்றார். பக்கத்திலிருந்த பழனிசாமி, “ஏனுங்க, காதுல பஞ்சுங்களா? அது கரண்டு இஞ்சினுங்க” என்றார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. அது இந்த வண்டியே இல்லை, வேறு லைனில் போகிற கூட்ஸ் என்றேன். வண்டி வந்து சேர்வதற்குள் சண்டை முற்றி, டீ குடித்து, விலாசம் வாங்கிக்கொண்டோம். அன்றிலிருந்து ‘அவுட்டர்’ எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஆபீசில் பிரமோஷன் தள்ளிப்போனால் அது அவுட்டரில் நிற்கிறது. சங்கரன் ஒரு பேச்சுக்குப் பதில் தெரியாமல் விழித்தால் அவர் அவுட்டரில் நிற்கிறார்.

பலகை அடிக்கும்போதே பழனிசாமி சொன்னார். “நாலஞ்சு துண்டாச் செஞ்சு போல்ட்டு போட்டு முடுக்கிக்கலாமுங்க. வேணும்னா கழட்டித் தூக்கிட்டுப் போலாம்.” இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சங்கரன் கேட்கவில்லை. பலகையில் இணைப்பு வந்தால் தண்டவாளத்திலும் இணைப்பு வரும், அந்த இடத்தில் வண்டி தடம் புரளும் என்பது அவர் கட்சி. “எங்கவே தூக்கிட்டுப் போகப் போறோம்? நாம என்ன சர்க்கஸ் கம்பெனியா? ஒரே பலகையா அடியும்.”

“குவார்ட்டர்ஸ் உங்க பாட்டன் கட்டினதுங்களா? ஒருநா காலி பண்ணச் சொன்னா என்னங்க பண்ணுவீங்க?”

“அப்பம் பாத்துக்கிடலாம்வே.”

என்னையும் கேட்டார்கள். ஒரே பலகை என்றுதான் நானும் சொன்னேன். சர்க்காரில் வேலை பார்ப்பவனுக்கு வரும் வியாதி இது. வாடகை சம்பளத்தில் பிடித்தம் போய்விடுகிறது, கேட்டு யாரும் வருவதில்லை. வாசலில் கறிவேப்பிலை வைத்து அது ஆளுயரம் வளர்ந்தபின், வீடு யாருடையது என்பதே மறந்துபோகிறது. அறையின் மூன்று சுவரையும் தொட்டுக்கொண்டு, உள்ளேயே அடித்து, உள்ளேயே ஒட்டி, உள்ளேயே வளர்ந்தது அந்தப் பலகை. கதவகலம் என்ன என்று நாங்கள் அளந்துகூடப் பார்க்கவில்லை.

வேலை நடந்ததைவிட வாய்ச்சண்டை நடந்ததுதான் அதிகம். தண்டவாளத்துக்கு நடுவே ஜல்லி கொட்ட வேண்டும், எதைக் கொட்டுவது? ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கேழ்வரகு வாங்கிச் சாயம் ஏற்றிப் பசையில் ஒட்டலாம் என்று என் யோசனை. பார்க்க அசல் ஜல்லி மாதிரியே இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால் பாதி ஜல்லியைக் காணோம். “மாயவரத்தாரே, உம்ம லைனை எலி தின்னுட்டுவே! எந்த ஊர்லயாவது எலி ரயில்வே லைனைத் தின்னிருக்கா?” என்று சங்கரன் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஸ்டேஷனுக்குப் பெயர் வைப்பதில் பெரிய கலவரம். மூவரும் அவரவர் ஊரைச் சொன்னோம். கடைசிவரை தீர்ப்பு ஆகவில்லை. மஞ்சள் பெயர்ப்பலகை எழுத்தில்லாமல் நின்றது. பலகையின் ஒரு கோடியில் எனக்கு வயல், மறுகோடியில் பழனிசாமிக்குக் குன்று, நடுவில் சங்கரனுக்கு ஆற்றுப்பாலமும் ஸ்டேஷனும் என்று பாகம் பிரித்துக்கொண்டு, அடுத்தவர் பாகத்தைத் திட்டினோம். சங்கரன் வைத்த ஒரே ஒரு சட்டத்தை மட்டும் யாரும் மீறியதில்லை. எத்தனை சண்டை நடந்தாலும், வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு யாரும் எழுந்து போகக் கூடாது. வண்டி ஸ்டேஷனுக்கு வந்து நின்றபிறகுதான் செருப்பு மாட்ட வேண்டும். தன் மனைவி கோமதி அம்மாளுக்கு உதவப் போயிருந்தாலும் சமையலறையிலிருந்தே கேட்பார்: “வண்டி வந்தாச்சாவே?” வந்தாச்சு என்று நாங்கள் கத்த வேண்டும். அதன்பிறகுதான் வீட்டுக்குப் போக உத்தரவு.

சங்கரன் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சில மாதம் அவகாசம். பாளையங்கோட்டையில் வாங்கிப்போட்ட வீட்டுக்கே போவது என்று கோமதி அம்மாள் முடிவு செய்துவிட்டார். சங்கரனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பலகையை முழுசாக வெளியே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பழனிசாமி வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம், நாங்கள் இருவரும் ஓட்டலாம், அவர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஏசிவிட்டுப் போகலாம். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கதவை அளந்தோம். படுக்க வைத்தும், நிறுத்தியும், சாய்த்தும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வராது. ஜன்னல் கம்பியைக் கழற்றினால் வருமா என்று காலனிக்கு ரிப்பேர் பார்க்கும் என்கொயரி ஆபீசிலிருந்து ஒருவரை அழைத்து வந்தேன். அவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். “ஏ க்யா பனா லியா? அனதரைஸ்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன்?” பாலத்தையும் ஸ்டேஷனையும் பார்த்தவர் நாங்கள் அனுமதியில்லாமல் ஏதோ கட்டிவிட்டதாகவே நினைத்தார். விளக்கிச் சொன்னபின், கம்பியைக் கழற்றினாலும் ஜன்னல் சட்டம் இதைவிடச் சின்னது என்று கையாலேயே அளந்து காட்டிவிட்டுப் போனார். அது எங்களுக்கும் கண்ணால் பார்த்தாலே தெரிந்ததுதான்.

மிச்சமிருந்த ஒரே வழி, அடுத்து குடிவருகிறவரைக் கேட்பது. பீகாரிலிருந்து வந்த இளைஞர். மிகவும் மரியாதையான பையன், வந்ததும் சங்கரன் காலைத் தொட்டான். சங்கரன் அவனை அறைக்குள் கூட்டிப்போய், லைனைத் துடைத்து, வண்டியை ஓட்டிக் காட்டினார். அவன் கைதட்டினான். “வாஹ், அங்கிள்! பஹுத் படியா!” சங்கரனின் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பிரமோஷன் வாங்கிய அன்றுகூட நான் பார்த்ததில்லை. ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டு, “பேட்டா, ஆப் ரக் லீஜியே” என்றார். நீயே வைத்துக்கொள், இங்கேயே இருக்கட்டும் என்று அர்த்தம். அந்தப் பையன் நன்றி சொல்லி, இஞ்சினைத் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அண்ணன் பிள்ளைக்குக் கொடுப்பானாம். பழனிசாமி தன் பட்டாள ஹிந்தியில் நயமாகப் பேசி அதைத் திரும்ப வாங்கினார். பிறகு அவன் சுவரிலிருந்து சுவருக்குக் கண்ணை ஓட்டிவிட்டு, தன் அம்மாவின் கட்டிலை இந்த அறையில்தான் போட வேண்டும், கம்ரா எப்போது காலியாகும் என்று கேட்டான். அவன்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. அவனுக்கு ஓர் அம்மா இருக்கிறாள், அவளுக்கு ஒரு கட்டில் வேண்டும். எனக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் விட்டுப்போயிற்று.

அடுத்த ஞாயிறு பழனிசாமி ரம்பத்தோடு வந்தார். முதலில் தண்டவாளத்தை அறுத்தார், பிறகு பலகையை. அதிர்ந்து ஸ்டேஷன் உடையாமல் இருக்க சங்கரன் இரண்டு கையாலும் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மரத்தூள் அவர் முழங்கையில் படிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. “அன்னிக்கே சொன்னேனுங்களே” என்று பழனிசாமி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சங்கரன் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார், நானும் நடுவில் புகுந்து இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன், அறுப்பதும் ஒரு வேலையாகக் கழிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அன்றைக்கு யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. கோமதி அம்மாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமலே போய்விட்டார்.

மூன்று துண்டு. பாகம் பிரித்தபடியே அவரவருக்கு ஒன்று. பழனிசாமியின் குன்று பால்கனியில் மழையில் நனைந்து பிளைவுட் உப்பி, இப்போது தண்ணீர் டிரம்முக்கு மூடியாக இருக்கிறது. மலை மந்திர் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குப் பார்த்தால், “சௌக்கியமுங்களா?” என்று கேட்பார். சௌக்கியம் என்பேன். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் பேச வருவதில்லை. எங்களுக்கு ஒருவரையொருவர் பிடிக்கும், ஆனால் இழுத்துவிட ஆள் இல்லாமல் சண்டை தொடங்குவதில்லை. சங்கரனின் துண்டுக்கு, ஊருக்குச் சாமான் ஏற்றிய லாரியில் இடமில்லை. அவர் ஸ்டேஷனை மட்டும் பெயர்த்தெடுத்து, வேட்டியில் சுற்றி, பாளையங்கோட்டை வரை மடியில் வைத்துக்கொண்டு போனார். மிச்சப் பலகையைப் பழைய சாமான்காரன் எடுத்துப்போனான்.

என் வயல் துண்டு கட்டிலுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. இஞ்சினும் என்னிடம்தான். ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டில்மேல் படுக்க வைத்துத் தண்டவாளத்தைத் துடைப்பேன். இங்கேயே பிறந்த என் மகள், “அப்பா, இதை வெச்சு என்ன பண்ணப் போறே? ஃபேங்க் தோ நா” என்கிறாள். தூக்கி எறியச் சொல்கிறாள். நான் இந்தக் கட்டுரையை எழுதுவது அவளுக்குத் தெரியும். தமிழை எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் படிப்பதற்குள் அவளுக்கு அலுத்துவிடும், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

போன ஞாயிறு சங்கரன் போன் செய்தார். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஊருக்கு என்னவே, நல்லாத்தான் இருக்கு. எல்லாவனும் என்னை டெல்லி சார், டெல்லி சார்ங்கான். நான் வந்தா எந்திச்சு நிக்கான். ஒருத்தன்கூட என்னை ஏச மாட்டேங்கான்வே.” முப்பது வருஷத்துக்குமேல் தில்லியில் அவர் பாளையங்கோட்டைக்காரராக இருந்தார். பாளையங்கோட்டையில் அவர் தில்லிக்காரர். ஸ்டேஷன் டிவி பெட்டிக்கு மேலே இருக்கிறதாம், பெயர்ப்பலகை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். தன் ஊர்ப் பெயரை எழுதிவிடச் சொன்னேன், இனி சண்டைக்கு யார் வரப்போகிறார்கள்? “எழுதத் தோணலைவே” என்றார். பிறகு, போனை வைக்கப்போகிற குரலில், வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“வண்டி வந்தாச்சாவே?”

கட்டில்மேல் வயலுக்கு நடுவே, தண்டவாளத்தின் ஓர் அறுபட்ட முனைக்கும் இன்னோர் அறுபட்ட முனைக்கும் இடையில் இஞ்சின் நின்றுகொண்டிருந்தது. என் துண்டில் ஸ்டேஷன் கிடையாது.

“இல்ல சார். அவுட்டர்லதான் நிக்குது.”

“சரி, நிக்கட்டும்” என்றார். “நான் இங்கன ஸ்டேஷனை வச்சிக்கிட்டு முழிச்சித்தான் இருக்கேன்.”

போனை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. துடைத்த தண்டவாளத்தில் அதற்குள் மண் படிந்திருந்தது.