மேனேஜர் மேசையில் மீன்

வந்ததும் வராததுமாகக் கண்ணாடித் தொட்டியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார் மீன் அக்கா. “எந்திரிங்க, எந்திரிங்க. ஆபீசர் வந்தா இப்படியா படுத்துக் கிடப்பீங்க?” எழுந்தவை நீந்தும். எழாததை வலையால் எடுத்து, பழைய செய்தித்தாளில் கிடத்தி, மாடிக்குக் கொண்டுபோவார்.

சாய ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் அவருக்கு ஆபரேட்டர் வேலை. சுத்தம் செய்த தண்ணீர் அந்தத் தொட்டி வழியாகத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும், அதில் மீன் உயிரோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். செத்தால் புதிதாக வாங்கி விட்டுவிடுவது மற்ற ஆலைகளின் வழக்கம். சோதிக்க வரும் ஆபீசர்களுக்கு மீன் முகம் ஞாபகம் இருப்பதில்லை. அக்கா அப்படிச் செய்ய மாட்டார். செத்ததை நேராக மேனேஜர் மேசையில், டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பார்.

“சார், ஒண்ணு போச்சு.”

“டீ குடிக்கிற நேரத்துலயாம்மா?”

“அது நேரம் பாத்தா சார் சாகுது?”

மேனேஜர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “சரி, மோட்டாரைப் போட்டுத் தொலை” என்பார். கழிவைச் சுத்தம் செய்யும் அந்த மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் வந்த நிறத்திலேயே ஆற்றில் விழும். ஓடினால் கரண்ட் பில் எகிறும். அதனால் முதலாளிக்கும் அதற்கும் ஆகாது.

தொட்டியில் கறுப்பாக, வாய் கோணிய மீன் ஒன்று உண்டு. எந்தத் தண்ணீர் வந்தாலும் அசையாது. அக்கா அதற்கு வைத்த பெயர் சூப்பர்வைசர். நிஜ சூப்பர்வைசருக்கும் இது தெரியும். அவர் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

அக்காவின் வீடு ஆற்றின் கீழ்ப்பக்கம். “இன்னிக்கு நீலம் ஓடுதா?” என்று கணவர் கிணற்றடியில் நின்று, முழங்கை வரை சொறிந்தபடியே கேட்பார். மோட்டார் ஒழுங்காக ஓடிய மாதங்களில் தண்ணீர் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. அவர் கை ஆறியது. ஆற்றில் பொடி மீன்கூடத் துள்ளியது. அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

போன மாதம் சட்டத்தைத் தளர்த்தினார்கள். தொட்டி வேண்டாமாம், தண்ணீர் சுத்தம் என்று ஆலையே எழுதிக் கொடுத்தால் போதுமாம். மேனேஜர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். “தொட்டியைக் கழட்டிரும்மா. மீனையெல்லாம் ஆத்துல விட்டுரு, புண்ணியம்.”

அன்றே மோட்டார் நின்றது. அக்கா வாளியில் மீன்களோடு ஆற்றங்கரைக்குப் போனார். தண்ணீரைப் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

“இதுங்களுக்கு எந்தத் தண்ணிய ஊத்துவ?” என்றார் கணவர்.

“கேன் தண்ணி.”

“எனக்குக் குளிக்கக்கூட அது கிடையாது.”

அன்று குளித்ததிலேயே அவர் கை மறுபடி சிவக்கத் தொடங்கியிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். வாளியை மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

மறுவாரம் ஒரு காலை, அக்கா மாடி ஏறிச் செய்தித்தாளை மேசைமேல் பிரித்தார். விரல் நீளப் பொடி மீன்கள், ஒரு கை நிறைய.

“சார், போச்சு.”

மேனேஜர் டம்ளரைத் தள்ளி வைத்தார். “தொட்டியத்தான் கழட்டியாச்சே. இது எங்கேருந்தும்மா வருது?”

அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. நாற்றத்துக்குப் பயந்து என்றோ சாத்தியது. அக்கா மேசையைச் சுற்றிப் போய், கொண்டியை நீக்கி, இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தார்.