இமயமலைக்கு நல்ல மாசம்

போன மாதம் ஒரு மத்தியானம் மலாக்கா பஸ் நிலையத்தில் இரண்டு மாலையோடு நின்றிருந்தேன். ஒன்று மாசிலாமணி கிராணியாருக்கு. இன்னொன்று அவர் மனைவி மீனாட்சி அக்காவுக்கு. பத்ரிநாத் போய்த் திரும்புகிறவர்களை வெறுங்கையோடு வரவேற்கலாமா?

பஸ் வந்தது. கிராணியார் இறங்கினார். அவர் பின்னால் டிரங்குப் பெட்டி இறங்கியது. அதற்குப் பின்னால்... யாரும் இறங்கவில்லை.

"அக்கா எங்கண்ணே?"

"ரிஷிகேசத்துல. ரோடு திறக்கட்டும்னு உட்கார்ந்திருக்கா."

இரண்டு மாலையையும் அவர் கழுத்திலேயே போட்டேன். மனிதர் தடுக்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. மறைத்தால் எங்கள் காஜா பேராங் பகுதியில் நாலு பேர் சொல்லிவிடுவார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கிராணியார் குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருசமாகக் கணக்கு எழுதும் வேலை. வீடு என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. துரை அவருக்கு மூன்று மாச லீவு கொடுத்தார் — வேலைக்காலம் முழுவதற்கும் ஒரே ஒரு நீண்ட லீவு. அக்காவுக்கோ பத்ரிநாதரைப் பார்த்துவிட வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை. முட்டி வேறு தேய்ந்துகொண்டிருந்தது. "இந்த வருசம் ஏறலாம். அடுத்த வருசம் உங்க வீட்டு வாசப்படி ஏறினாலே பெரிசு" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆக, போனால் இந்த வருசம். இல்லையென்றால் இல்லை. எந்த மாசம்?

இதைத் தீர்மானிக்கக் காப்பிக்கடையில் கமிட்டி கூடியது. கிராணியார், டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர், நான். மூன்று பேரில் ஒருவர்கூடக் கேமரன் மலைக்கு மேல் உயரமான இடத்தைப் பார்த்ததில்லை. கமிட்டிக்கு அதெல்லாம் ஒரு தகுதிக் குறைவா? மெர்டேக்கா வாங்கிய புதிது. நாட்டையே நாமே நடத்துகிறோம், ஒரு யாத்திரையை நடத்த மாட்டோமா?

"ஜூன், ஜூலை?" என்றேன்.

"சீச்சீ, அது டுரியான் பழம் கொட்டுற மூசிம் லா!" என்றார் ராவுத்தர். "திரும்பி வந்து பார்த்தா கொட்டைகூட மிஞ்சாது." ஜூன், ஜூலை தள்ளப்பட்டது.

அக்டோபர்? தீபாவளிக்கு வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போவதா என்று நான்தான் ஆட்சேபித்தேன். அதுவும் தள்ளப்பட்டது.

அப்போதுதான் கிராணியார் மேசையைத் தட்டினார். "பிப்ரவரி! விண்டர்!"

"குளிராதாண்ணே?"

"தம்பி, முப்பது வருசமா நான் விண்டரிங் பார்க்கிறேன். விண்டர்னா என்னா? ரப்பர் மரத்துல இலை கொட்டும், பால் குறையும், வெயில் கொளுத்தும், மழையே இருக்காது. மலை ரோட்டுக்கு எது எமன்? மழை. அப்ப எது நல்ல மாசம்?"

எவ்வளவு தெளிவான தர்க்கம்! பால் குறைகிற அந்த மாசத்தில்தான் துரையும் லீவுக்கு முகம் சுளிக்க மாட்டார். இமயமலையில் பனி விழுமாமே என்று இழுத்தேன்.

"நம்ம தோட்டத்துலயும்தான் காலையில பனி கொட்டுது. எட்டு மணிக்கு வெயில் ஏறினா எங்க போகுதுன்னு தெரியலை."

எட்டு மணிக்கு மேல் பஸ் ஏறினால் போதும் என்று கமிட்டி முடிவு செய்தது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் போய்ச் சொன்னோம். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"மழை வெயிலெல்லாம் நீங்க பார்த்துக்கோங்க. ஆனா மாசியில அங்க மனுசர் பூசை கிடையாதாமே? ஆறு மாசம் நமக்கு, ஆறு மாசம் தேவர்களுக்கு. தேவர்கள் முறையில நடை சாத்தியிருக்குமாம்."

"சுதந்திரம் வாங்கியாச்சு, இன்னும் இந்த மூடநம்பிக்கை போகலையா?" என்றார் கிராணியார். சத்தமாகச் சிரித்தது நான்தான். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

போனார்கள். கப்பல், ரயில், இன்னொரு ரயில்... மாசிக் கடைசியில் ரிஷிகேசம். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் கையை விரித்தார். அவர் பேசியது இந்தி. நம் கிராணியார் பேசியது? மலாய்! எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்றால் நம் ஆட்களுக்கு வாய் தானாக மலாய்க்குப் போய்விடும்.

"ஜாலான் துத்துப்கா? பீலா புக்கா?" — ரோடு மூடியிருக்கிறதா, எப்போது திறக்கும் — என்று கங்கைக் கரையில் நின்று அவர் உரக்கக் கேட்க, சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டதாம்.

கூட்டத்தில் ஒரு திருநெல்வேலிக்காரர் இருந்தார். அவர்தான் தமிழில் உடைத்தார். மேலே ரோட்டில் ஆள் உயரத்துக்குப் பனி. எட்டு மணிக்கு அல்ல, எட்டு வாரம் கழித்தும் கரையுமா என்பது சந்தேகம். கோயில் நடை தீபாவளியோடு சாத்தியது. இனிச் சித்திரை முடிகிற சமயத்தில்தான் திறப்பார்கள்.

கிராணியார் நாள் எண்ணிப் பார்த்தார். திரும்பும் கப்பலை விட்டால் லீவுக்குள் வேலையில் சேர முடியாது. அந்தக் கப்பலைப் பிடிக்க வேண்டுமென்றால் நடை திறப்பதற்கு மூன்று வாரம் முன்பே மலையடிவாரத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

ஒரு மாசம் சத்திரத்தில் மலையை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்கள். பிறகு அவர் பெட்டி கட்டினார். அக்கா கட்டவில்லை.

"நீங்க போய் வேலையில சேருங்க. நான் பார்த்துட்டுத்தான் வருவேன்."

"தனியாவா?"

"அந்தத் திருநெல்வேலிக்காரர் குடும்பத்தோட போறேன். அவர் சம்சாரம் கூப்பிட்டாச்சு. நான் வரேன்னும் சொல்லியாச்சு."

முப்பது வருசத்தில் அக்கா அவரிடம் கேட்காமல் சொன்ன முதல் 'சரி' அதுதானாம். பஸ் நிலையத்தில் நின்றபடியே, கழுத்தில் இரண்டு மாலையோடு, இதையெல்லாம் கிராணியார் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி வழியில் அந்த முட்டி மடங்கிவிட்டால்? மறுபடி ஏறிப் பார்க்க இன்னொரு வருசம் கிடையாதே!

அதற்குப் பிறகு தினமும் தபால்காரருக்காகக் காத்திருந்தோம். கிராணியார் கடையில் சாப்பிட்டு இளைத்தார். ராவுத்தர் தன் தொழுகையில் அக்காவின் முட்டியையும் சேர்த்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. கிராணியார் உறையைப் பிரித்து என்னிடம் நீட்டினார். நான்தான் வாங்கிப் படித்தேன்.

"நடை திறந்த நாலாம் நாள் பார்த்தேன். பஸ் நின்ற இடத்துக்கு மேலே இரண்டு நாள் நடை. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். முட்டி வீங்கியிருக்கிறது. அது கிடக்கட்டும். சன்னதியில் உங்கள் பெயரையும் சொன்னேன். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அழுகை வந்தது. திரும்பி வர எந்த மாசம் நல்லது என்று மூன்று பேரும் கூடிப் பேச வேண்டாம். கப்பலுக்குச் சொல்லியாயிற்று."

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

மலைக்குப் போகக் காலம் பார்க்கிறவர்களே... அதற்கு முன் ஏறப்போகிற காலைக் கேளுங்கள்!