எந்தப் பக்கம் நம் கோல்

கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த வாரிண்டல் ஊரின் ஆஸ்திரேலியக் கால்பந்து அணிக்கு லைல் ஷிர்மர் பதினெட்டு வயதிலிருந்து ஆடினான். கோல் கம்பங்களுக்கு முன்னால் நின்று தடுப்பவன் அவன்தான். பந்துக்காகத் துள்ளுகிறவர்களின் முழங்கால் அவன் தலையில் இடிக்காத சனிக்கிழமை குறைவு. விழுந்தால் ஈர ஸ்பாஞ்சால் முகத்தைத் துடைத்து, எத்தனை விரல் என்று கேட்பார்கள். அவன் இரண்டு என்பான். கேட்கிறவரும் எப்போதும் இரண்டைத்தான் காட்டுவார். எழுந்து மறுபடி ஆடுவான்.

ஆட்டத்தை விட்டதும் அதே அணிக்குப் பயிற்சியாளரானான். முதலில் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒருநாள், வெள்ளைப் பலகையில் வீரர்களின் பெயர்க் காந்தங்களை ஒட்டும்போது, ஒரு பெயருக்கு முகம் வரவில்லை. அதிலிருந்து பயம் அவனை விடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினான். எல்லோரையும் "தம்பி" என்றான். அன்பு கூடிவிட்டதாகப் பையன்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று அரையிறுதி. திடலைச் சுற்றி இரண்டு ஊர் ரசிகர்களின் கார்களும் வரிசையாக நின்றன. ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. கார்கள் ஹாரன் அடித்தன. லைல் எழுந்து கைதட்டினான். தட்டியபடியே பார்த்தான்: ஹாரன் அடித்தவை எதிரணிக் கார்கள். அவன் ஊர்க் கார்கள் வாயடைத்து நின்றன. கால்பகுதிக்கொரு தரம் அணிகள் பக்கம் மாறும் என்பது அவனுக்குத் தெரியும். இப்போது எந்தப் பக்கம் என்பதுதான் நினைவில் இல்லை. தேடிய இடத்தில் வெறும் வெள்ளை.

அவன் உத்தரவுகளைத் திடலுக்குள் ஓடிப்போய்ச் சொல்பவன் டெஸ், பழைய கூட்டாளி. மூச்சுவாங்க வந்து நின்றான்.

"கைதட்டி நல்லா நக்கல் பண்ணினடா அவனுங்கள. சரி, காத்து மாறிடுச்சு. பசங்கள எங்க நிறுத்தணும், சொல்லு."

நக்கல் என்றே விட்டுவிடலாம். லைல் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"டெஸ், நம்ம கோல் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியலடா."

டெஸ் சிரிக்கத் தொடங்கினான். லைலின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"பசங்கள நீயே பாத்துக்கோ. க்ளெனிஸ வரச்சொல்லு," என்றான் லைல்.

சிற்றுண்டிக் கடையில் இறைச்சி அடைத்த பலகாரம் விற்றுக்கொண்டிருந்த லைலின் மனைவி க்ளெனிஸ், சாஸ் படிந்த கையோடு வந்தாள். ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"எனக்கு எல்லாம் மறந்து போகுது க்ளெனிஸ். போன சீசன்லேருந்து."

அவள் அவன் கோட்டுப் பைக்குள் கையை விட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லப்பா," என்றாள். "அதுக்கும் முன்னாடிலேருந்து."