இரண்டு கொம்பு வைத்த வைஃபை

நாமக்கல் தனசேகருக்கு எதிலும் பெரிசுதான் வேண்டும். லாரிகளுக்கு ஒயரிங் செய்கிற மனுஷன். ஊரே அதிர்கிற ஹாரன், கண்ணைப் பறிக்கிற லைட் என்று மாட்டி மாட்டிப் பழகிய கை. சின்னதாக எதையாவது நீட்டினால் முகத்தைச் சுளிப்பார்.

விண்டோஸில் நத்தையாக நகர்ந்த பழைய லேப்டாப்பில், அதற்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டு ஓட வைத்தவரும் அவரேதான். அந்தப் பெருமையைக் கேட்காத டிரைவர் நாமக்கல்லில் கிடையாது. அப்பேர்ப்பட்ட லேப்டாப்பில் வைஃபை கார்டு மண்டையைப் போட்டது. அதுவும் எப்போது? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித்தர அவர் மனைவி சித்ராவுக்கு வேலை கிடைத்து, சாயங்காலம் முதல் வகுப்பு என்கிற அன்றைக்கு! கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட வேலை. முதல் வகுப்பே நடக்காவிட்டால் வேறு டீச்சரைப் போட்டுவிடுவார்கள்.

"கவலைப்படாத புள்ள, இப்ப வாரேன்" என்று பைக்கை முறுக்கினார். கம்ப்யூட்டர் கடையில் இருந்ததிலேயே பெரிதாக, இரண்டு ஆன்டெனா கொம்புகளோடு நின்ற யூஎஸ்பி வைஃபையைத் தூக்கிக்கொண்டு வந்து சொருகினார். ம்ஹூம்! லினக்ஸ் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஏனுங்க, உங்கள நம்பித்தான கிளாஸ் எடுக்க வாரேன்னு சொன்னேன்" என்றாள் சித்ரா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ‘நம்பித்தான’ என்ற சொல்தான் அவருக்குச் சுருக்கென்றது.

இம்முறை லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோனார். கடைக்கார நந்தகுமார் சிரித்தான். "கொம்பப் பாத்து வாங்க இதென்ன மாடுங்களாண்ணா? உள்ள இருக்கற சிப்பு லினக்ஸுக்குத் தோதா இருக்கோணுமுங்க."

"அப்ப எல்லாத்தையும் எடு சாமி. மாட்டிப் பாக்காம நான் நகர மாட்டேன்."

ஒவ்வொன்றாகச் சொருகினார், எதற்கும் லினக்ஸ் அசையவில்லை. கடைசியில் நந்தகுமார் சுண்டுவிரல் நகத்தளவு ஒன்றை நீட்டினான்.

"இதுவா?" என்று வேண்டாவெறுப்பாக வாங்கிச் சொருகியதுதான் தாமதம், பக்கத்துக் கடைகளின் வைஃபை பெயர்களெல்லாம் திரையில் வரிசைகட்டி நின்றன. அடேயப்பா! அந்தப் பொடிசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

சாயங்காலம் திரையில் பிள்ளைகளின் முகங்கள் பளிச்சென்று தெரிந்தன.

"டீச்சர், பின்னாடி ஒரு அங்கிள் எட்டிப் பாக்கறாங்க!" என்றது ஒரு வாண்டு. தனசேகர் சட்டென்று தலையைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சித்ரா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அவரு எங்க ஊட்டுக்காரருங்க கண்ணு. இந்தக் கிளாஸ ஓட வெச்சதே அவருதான்."

எதிலும் பெரிசையே தேடுகிற மனுஷன் மறுபடி தலையை நீட்டி, லேப்டாப்பின் ஓரத்தில் இருந்த அந்தப் பொடிசை விரலால் சுட்டிக்காட்டினார்.