அரசிகுளத்துக்குக் கலுங்கு இல்லை

திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருப்பவர்கள் ரஹ்மத்துல்லாவின் கையை நம்புவார்கள். உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோலை ஒருமுறை தடவினால் போதும். உரிக்கும்போது கத்தி எங்கே பட்டது, உண்ணி எங்கே கடித்தது என்று சொல்லிவிடுவார். முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு. இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. வயது நாற்பத்து நான்கு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் பேச்சை நிறுத்த முடியாது.

நான் பிராங்கிளின், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் திருடன். மண்டியின் மாடியில், உப்பு வாடை போகாத ஒரு அறையில், நாங்கள் நான்கு பேர் அவரோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை ஆடுவோம். ஆளுக்கு ஒரு கேரக்டர். எதிரே இருப்பது காடா, கோட்டையா, பேயா என்று ரஹ்மத்துல்லா சொல்வார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வோம். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். கதை நடத்துகிறவருக்கு மாஸ்டர் என்று பெயர். ஊரில் பரோட்டா மாஸ்டர் இருக்கிறார், டீ மாஸ்டர் இருக்கிறார், எங்களுக்கு ஒரு கதை மாஸ்டர். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று என்னைக் கேட்பவர்கள், சீட்டாடுகிறவனை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அச்சிட்ட சாகசப் புத்தகங்களை வைத்துத்தான் நடத்தினார். பனிமலை, டிராகன், மரக்குவளையில் பீர். ஏப்ரல் மாத வெயிலில் உட்கார்ந்து பனியில் நடுங்கினோம். அந்தப் புத்தகங்களில் ஒரு துறைமுக நகரம் உண்டு. மூன்று வருடம் அதில் வாழ்ந்தோம். எனக்கு அங்கே ஒரு வீடு இருந்தது, மூன்று எதிரிகள் இருந்தார்கள். பிறகு கம்பெனி புதிய பதிப்பு போட்டது. அதில் கதை நூறு வருடம் தள்ளிப் போயிருந்தது. எங்கள் நகரம் எரிந்து சாம்பலான சேதி ஒரே ஒரு பத்தியில் இருந்தது. ரஹ்மத்துல்லா கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

“எவனோ ஒருத்தன் ஆபீசுல உக்காந்துக்கிட்டு நம்ம ஊரக் கொளுத்திட்டான் சார். ஆடுறவங்கள ஒரு வார்த்தை கேக்கல” என்றார்.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஏழுகுளநாடு. தமிழில், அவரே கற்பனை செய்த நாடு. சில வருடம் எங்களோடு ஆடிப் பார்த்துவிட்டு, முதல் சாகசத்தை ‘அரசிகுளம்’ என்று அறுபத்து நான்கு பக்கத்தில் அச்சடித்துத் தபாலில் அனுப்பினார். ஈரோடு, நாகர்கோவில், கீரனூர் என்று வெளியூர்களில் பதினான்கு மேசைகள் அதை ஆடின. கடைசிப் பக்கத்தில் வெட்டி அனுப்ப ஓர் அட்டை இருந்தது. உங்கள் மேசையில் என்ன நடந்தது என்று எழுதி அனுப்ப வேண்டும். பெரும்பாலான மேசைகளில் எது நடந்ததோ அதுவே அடுத்த புத்தகத்தில் அந்த நாட்டின் சரித்திரம். ஆடுகிறவர்களைக் கேட்காமல் இங்கே ஒரு செங்கல்லும் நகராது என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

எங்கள் மேசையில் இளையவள் கௌசல்யா. வடமதுரைப் பக்கத்து விவசாயக் குடும்பம். நூற்பாலையில் நூலின் பலத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலை. ஏழுகுளநாட்டில் அவள் வேம்பி, அரசிகுளத்தின் மடைகளைக் காப்பவள். ஆறு வருடத்தில் நான் நான்கு திருடர்களைப் பறிகொடுத்தேன். அவளுக்கு முதலிலிருந்து ஒரே வேம்பிதான்.

சாகசத்தின் கடைசிக் கட்டம் இது. ஒன்பது நாள் மழை. அரசிகுளம் கரை ததும்பி நிற்கிறது. மடைகளைத் திறந்தால் கீழூர் மூழ்கும். திறக்காவிட்டால் கரை உடைந்து கீழூரோடு கரையோர ஊரும் போகும். இன்னொரு வழி, குளத்துத் தெய்வத்திடம் யாராவது தன்னையே ஒப்புக்கொடுப்பது. அதற்குப் பகடை கிடையாது, இறங்கினால் திரும்ப முடியாது. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது கௌசல்யா, “வேம்பி எறங்குறா” என்றாள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தாறு வயதில், இல்லாத பெண் ஒருத்திக்காக அழுததில் எனக்கு வெட்கமில்லை.

வெளியூர் அட்டைகள் வர ஆரம்பித்தன. ஒன்பது மேசைகளில் இதேபோல் யாரோ ஒருவர் இறங்கியிருந்தார்கள். விதிப்படி அது சரித்திரமாகிவிட்டது. புத்தகத்தில் யார் பெயரைப் போடுவது என்று எங்கள் மேசையையும் சேர்த்துச் சீட்டுக் குலுக்கியதில் வேம்பியின் பெயர் வந்தது. இரண்டாம் புத்தகத்தில் கரைமேல் வேம்பிக்கு ஒரு கல், வருடத்துக்கு ஒருநாள் விளக்கு என்று முடிவானது. கௌசல்யா ஆலையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். வேம்பியின் குறிப்புகள் எழுதிய தாளை லேமினேட் செய்து கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக வந்தது கீரனூர் அட்டை. அந்த மேசையை நடத்துகிற முகேஷ்குமார் எழுதியிருந்தார்:

“ஏனுங்க மாஸ்டர், எங்க மேசையில யாரும் சாகலைங்க. கொளத்துக்குக் கலுங்கு எங்கீங்கன்னு ரெண்டு மணி நேரம் தேடுனோமுங்க. புத்தகத்துல இல்லீங்க. கலுங்கு இல்லாத கொளத்த எவனுங்க கட்டுவான்? அதோட ஆட்டத்த நிறுத்திப் போட்டோமுங்க.”

குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து அடுத்த குளத்துக்குப் போவதற்கு, கரையின் ஓரத்தில் தாழ்வாகக் கட்டியிருக்கும் கல்வழிதான் கலுங்கு. அது இருந்தால் கரை உடையாது, கீழூர் மூழ்காது, யாரும் இறங்க வேண்டியதில்லை. வயக்காட்டில் கால் வைத்த எவருக்கும் இது தெரியும். ரஹ்மத்துல்லா பேகம்பூர்ச் சந்தில் பிறந்து தோல் மண்டியில் வளர்ந்தவர். குளத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவர். மடை என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது, எழுதிவிட்டார். நானும் யோக்கியனில்லை. நிரம்பினால் வழிய வேண்டும் என்று பாடம் நடத்துகிற வாத்தியாருக்கே அது தோன்றவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல அந்த அட்டையை மூன்று வாரம் மறைத்து வைத்திருந்தார். இரண்டாம் புத்தகம் அச்சுக்குப் போகாமல் நின்றது. கௌசல்யா வாராவாரம் “எப்பண்ணே வரும்?” என்று கேட்டாள். பேப்பர் வரவில்லை, மெஷின் ரிப்பேர் என்று இவர் சமாளித்தார். அட்டையைப் படித்தவர்கள் அவரும் அவருடைய மனைவி இஃப்பத்தும் மட்டும்.

இஃப்பத் ஒருநாள் கேட்டாராம்: “தோல்ல வெட்டு இருந்தா மடிச்சு உள்ள வச்சா அனுப்புறீங்க?”

“தோலுக்கு மனசு இல்லயே. இது தெரிஞ்சா அந்தப் புள்ளைக்கு வேம்பி செத்தது வெட்டியாயிருமே” என்றிருக்கிறார் இவர்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது, புத்திசாலித்தனமான யோசனைதான். அரசிகுளத்துக்குக் கலுங்கு இருந்தது. மேட்டுக்காட்டுப் பண்ணையார் ஒருவன் அதைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்து, தண்ணீர் ஓடும் பாதையை வளைத்து வயலாக்கிக்கொண்டான். நம் பக்கத்தில் நடக்காததா? இரண்டாம் புத்தகத்தில் அவனைக் கண்டுபிடித்துப் பழிவாங்கலாம். வேம்பியின் சாவுக்கும் அர்த்தம் வந்துவிடும், மாஸ்டரின் மானமும் பிழைக்கும்.

அடுத்த ஞாயிறு மாடியில் அட்டையை மேசைமேல் வைத்தார். நடந்ததைச் சொன்னார், பண்ணையாரையும் சொன்னார். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. கௌசல்யா அட்டையை எடுத்து இரண்டு தடவை படித்தாள்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்ணே” என்றாள்.

“எது?”

“கலுங்கு இல்லாத கொளம் கெடையாதுன்னு. எங்க அப்பாவோட தோட்டமே கலுங்குக்குக் கீழதான் இருக்கு. நீங்க சொல்லல. சரி, மாஸ்டர் காரணமாத்தான் சொல்லாம வச்சிருக்காரு, எவனோ அடைச்சிருக்கான், பின்னாடி அந்தக் கத வரும்னு நெனச்சேன். அத நம்பித்தான் வேம்பிய எறக்குனேன்.”

ரஹ்மத்துல்லா முகம் தெளிந்தது. “அப்பறம் என்னம்மா, அதத்தான இப்பச் சொல்றேன். அடைச்சவன் இருக்கான்.”

“இல்லண்ணே. அன்னைக்கு நீங்க அடைக்கல. நீங்க மறந்துட்டீங்க.” குரலை உயர்த்தவில்லை. “மறந்திருப்பீங்கன்னு மட்டும் எனக்குத் தோணவே இல்ல. இப்ப புதுசா ஒருத்தன செஞ்சு அவன் தலையில பழிய வைக்காதீங்க. அவன வெட்டுனா எனக்கு ஆத்திரம் அடங்காது.”

கைப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். வண்டி கிளம்பிய சத்தம் கேட்டது. அன்று ஆட்டம் நடக்கவில்லை. ரஹ்மத்துல்லா பகடைகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார், பிறகு எல்லாவற்றையும் கொட்டி மறுபடியும் போட்டார். எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

இரண்டாம் புத்தகம் ஒரு மாதம் கழித்து வந்தது. பண்ணையார் அதில் இல்லை. முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: “அரசிகுளத்தைக் கட்டியவனுக்கு வயக்காடு தெரியாது. கலுங்கு வைக்க மறந்துபோனான். தெரியாமல் விட்டிருக்க மாட்டான் என்று அவனை நம்பிய வேம்பி என்ற பெண் தண்ணீரில் இறங்கி இறந்தாள்.”

வெளியூர் மேசைகள் கொண்டாடின. ஈரோட்டிலிருந்து ஒருவர், என்ன ஒரு கற்பனை மாஸ்டர், அந்த மடையனைத் தேடிக்கொண்டு மூன்று வாரமாக அலைகிறோம் என்று எழுதியிருந்தார். ரஹ்மத்துல்லா அந்த அட்டையைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

புத்தகம் வந்த ஐந்தாம் ஞாயிறு கௌசல்யா வந்தாள். வேறு கேரக்டர் எழுதிக்கொண்டு வந்திருந்தாள், மண்பாண்டம் விற்கிறவள். எல்லோருக்கும் முறுக்கு வாங்கி வந்திருந்தாள், பழையபடி என் திருடனைக் கிண்டல் செய்தாள். ரஹ்மத்துல்லாவுக்கு அதில் உயிர் வந்துவிட்டது. குரலை ஏற்றி இறக்கி, இரண்டாவது குளத்தை எங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். கரை நெடுக மருதமரம், அடிவானம் வரைக்கும் தண்ணீர்.

“நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்டார்.

“கலுங்கு இருக்காண்ணே?” என்றாள் கௌசல்யா.

“இருக்கும்மா, இருக்கு” என்றார் அவசரமாக.

ஆறு வருடத்தில் அவர் இருக்கிறது என்று சொன்ன எதையும் அவள் மறுபடி கேட்டதில்லை.

“எந்தப் பக்கம்?” என்றாள்.