கூறை விழவில்லை, நான்தான் விழுந்தேன்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். ரொறன்ரோவில் தை பிறந்தால் வழியெல்லாம் ஐஸ். ஆனாலும் நாங்கள் விடுவோமா? நல்ல நாள் இருக்கிறது, முகூர்த்தம் இருக்கிறது, மண்டபமும் கிடைத்துவிட்டது. கல்யாணத்தை வைத்துவிடுவோம்.

அப்படித்தான் போன மாதம், மூக்கு விறைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்காபரோவில் ஒரு கல்யாண மண்டபத்தின் பார்க்கிங் லொட்டில் நான் விழுந்தேன்.

சும்மா விழவில்லை. பட்டுச்சேலையோடு, தலைநிறையப் பூவோடு, கையில் கூறைத் தட்டோடு விழுந்தேன்.

கல்யாணம் என் கணவரின் அக்கா மகன் பிரணவனுக்கு. அந்த அக்காதான் எனக்கு மச்சாள். கூறை என்றால் தாலி கட்டும்போது மணப்பெண் உடுத்தியிருக்கும் சேலை. மாப்பிள்ளை வீட்டார் வாங்கி, தட்டில் வைத்து, மங்கலமாகக் கொண்டு வர வேண்டும். மாப்பிள்ளையின் சகோதரி கொண்டுவருவது வழக்கம். பிரணவனுக்குச் சகோதரி இல்லை. அந்தப் பதவி எனக்கு வந்தது.

"நீர்தான் கொண்டு வர வேணும். கவனமாப் பிடியும்" என்று மச்சாள் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தட்டைக் கவனமாகத்தான் பிடித்தேன். காலைத்தான் கவனிக்கவில்லை. காரில் வரும்போது காலில் நல்ல பனிக்கால பூட்ஸ் இருந்தது. மண்டபத்துக்கு வந்ததும் காருக்குள்ளேயே அதைக் கழற்றிவிட்டு, குதி உயர்ந்த செருப்பை மாட்டினேன். பட்டுச்சேலைக்குப் பூட்ஸ் போடலாமா? வீடியோவில் வந்துவிடாதா? இந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தாலென்ன, கல்யாணத்தன்று மட்டும் நாங்கள் இங்கே பனிக்காலம் இருப்பதை ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டு கார்களுக்கு நடுவே, உருகுவதற்கு உப்புத் தூவாமல் விட்ட ஒரு துண்டு ஐஸ். கால் முன்னால் போனது, நான் பின்னால் போனேன். வலது கை தானாகவே தட்டைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டது. உடம்பு முழுவதையும் இடது கை வாங்கிக்கொண்டது. கூறை மடிப்புக் குலையவில்லை. தட்டில் இருந்த ஒரு வாழைப்பழம்கூட உருளவில்லை.

காரைப் பூட்டிவிட்டு வந்த என் கணவர் ஓடி வந்தார். முதலில் என்ன கேட்டார் தெரியுமா?

"கூறைக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் நான் முதலில் செய்த வேலை அதைவிட மோசம். கை எரிகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது… நான் சுற்றும் முற்றும் பார்க்கிறேன். யாராவது கண்டுவிட்டார்களா?

நீங்கள் கடைசியாக எப்போது விழுந்தீர்கள்? விழுந்ததும் என்ன செய்தீர்கள்? நான் சொல்கிறேன், நீங்களும் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். சின்னப் பிள்ளையும் விழுந்தால் சுற்றிப் பார்க்கும், அம்மா நிற்கிறாரா என்று. நின்றால் வீறிட்டு அழும். நாங்கள் பார்ப்பது யாரும் நிற்கக் கூடாது என்று. எந்த வயதில் இப்படி மாறிப்போகிறோம்?

மண்டப வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வேலைக்காரர் "ஆர் யூ ஓகே?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் "ஃபைன், ஃபைன்" என்று எழுந்துவிட்டேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அதற்கு மீசை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

"மச்சாளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன் கணவரிடம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். என் மச்சாள் நல்லவர். ஆனால் யாராவது வெளிக்கிடும் நேரத்தில் தும்மினால், அவரை இருத்தித் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார். கூறையோடு ஒருத்தி வாசலில் விழுந்தாள் என்று தெரிந்தால்? இன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு சண்டை வந்தால், வேலை போனால், குழந்தை பிறக்கப் பிந்தினால்… "அண்டைக்கே கூறையோடை விழுந்தது" என்று யாரோ ஒருவர் தொடங்குவார். பழி எனக்கு வந்தால் பரவாயில்லை. அது சுற்றிச் சுற்றி, வந்த பெண்ணின் தலையில்தான் விடியும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா? இல்லை. பயம் உண்டா? உண்டு. எங்களில் பலர் இப்படித்தான், நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டுப் பயத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சடங்கு தொடங்கியது. கூறைத் தட்டைச் சபை முழுவதும் கொண்டுபோய், ஒவ்வொரு வரிசையிலும் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கக் கொடுக்க வேண்டும். அதுவும் என் வேலைதான். நிறைந்த மண்டபம். தட்டின் பாரம் முழுவதையும் வலது கையில் தாங்கிக்கொண்டு, இடது கையைப் பேருக்குக் கீழே வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போனேன். "எப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்ட எல்லோருக்கும் "நல்ல சுகம்" என்றேன். முகம் வேர்த்தது. தை மாதத்தில்!

பிறகு மணப்பெண்ணைக் கூறை உடுத்த உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப் போனார்கள். நானும் கூறையோடு போனேன். பெண்ணின் பெயர் அபிநயா. இங்கே பிறந்து வளர்ந்தவள். நல்ல கலகலப்பான பிள்ளை. நிச்சயதார்த்தத்தில் ஒரு நிமிடம் வாய் ஓயவில்லை. அன்றைக்கு ஏனோ பேச்சு இல்லை. மேக்கப் செய்பவர் ஊசிப் பெட்டியைத் தேடி வெளியே போன நேரம், அபி கதிரையில் மெல்ல இருந்தாள். பாவாடைக் கரை கொஞ்சம் ஒதுங்கியது.

இடது கணுக்கால் ஒரு தேசிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கொலுசு சதையில் புதைந்துபோய்க் கிடந்தது.

"என்ன பிள்ளை இது?"

"ஒண்டுமில்லை அன்ரி."

"உதைப் பார்த்தா ஒண்டுமில்லாத மாதிரியோ கிடக்கு?"

"காலமை வீட்டுப் படியிலை ஸ்லிப் ஆயிட்டன். ஐ ஆம் ஃபைன். பிளீஸ் அன்ரி, மாமிக்குச் சொல்லாதேங்கோ. ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டு அம்மா சொன்னவா. முதல் நாளே விழுந்துபோய் வாறாள் எண்டு கதைப்பினமாம்."

நான் கூறைக்குக் கொய்யகம் பிடிக்கத் தொடங்கினேன். ஒரு கையால் எப்படிப் பிடிப்பது? மடிப்பு மூன்று தரம் நழுவியது. அபி நிமிர்ந்து என் முந்தானையைப் பார்த்தாள்.

"அன்ரி… உங்கட கை?"

"ஒண்டுமில்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடிந்ததும் எனக்கு மனம் பாரமாகிவிட்டது. நான் ஐம்பது தாண்டியவள், மறைக்கப் பழகியவள். இவள் இன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். வரும்போதே, நோகிறது என்று சொல்லக் கூடாது என்ற பாடத்தோடு வருகிறாள். அந்தப் பாடத்தை எழுதியது அவளுடைய அம்மாவா? இல்லை. எங்களைப் பற்றி நினைத்துத்தானே அந்த அம்மா சொல்லியிருக்கிறார்?

தாலி கட்டியாயிற்று. கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். பிறகு அக்கினியை வலம் வந்து அம்மி மிதிக்கிற கட்டம். பிரணவன் குனிந்து அவளுடைய வலது காலைத் தூக்கி அம்மியில் வைக்க வேண்டும். அப்படியென்றால் அவளுடைய பாரம் முழுவதும் எந்தக் காலில்? அந்த வீங்கிய காலில். மேடையில் அதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். அவளுடைய அம்மா கீழே முன் வரிசையில் புடவைக் கரையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு சுற்று. உதட்டைக் கடித்தாள். இரண்டாவது சுற்றில் பிரணவனின் தோளை இறுக்கிப் பிடித்தாள். சபையில் யாரோ "பார், இப்பவே பிடிச்சிட்டாள்" என்று பகிடி விட்டார்கள். மூன்றாவது சுற்றும் எப்படியோ முடிந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடும்போது போட்டோக்காரர் கை காட்டினார்.

"தம்பி, காலை ஒருக்காத் திரும்ப அம்மியிலை வையுங்கோ. ஷொட் வடிவா வரேல்லை."

அபி சிரித்தபடியே தலையாட்டினாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. போட்டோக்காரர் மீதா? அவர் பாவம். ஒன்றும் தெரியாதவர். என் மீதுதான் கோபம். இவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று காலையில் எவ்வளவு நியாயம் சொன்னேன்! நான் மறைத்ததால் இவளுக்கு என்ன நன்மை கிடைத்தது? ஆனால் அவளுடைய விஷயத்தை நான் சொல்ல முடியாது. சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். என்னுடையதை நான் சொல்லலாமே?

"மச்சாள்" என்றேன். "நான் காலமை பார்க்கிங்கிலை விழுந்திட்டன். கை உடைஞ்சு போச்சுப் போலை கிடக்கு."

மேளக்காரர் அந்த நேரம் பார்த்தா நிறுத்த வேண்டும்? முன் வரிசைகள் முழுவதும் கேட்டது.

மச்சாள் என்னைப் பார்த்தார். "கூறையோடையோ?"

"ஓம். கூறையோடை. கூறை விழேல்லை. நான்தான் விழுந்தனான்."

ஐயர் என்னையும் மச்சாளையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சாளின் முகத்தில் எல்லாம் வந்து போனது. பயம் வந்தது, கோபமும் வந்தது. நான் முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினேன். மணிக்கட்டு நீலம் பாரித்திருந்தது. காப்புகள் கழற்ற முடியாமல் இறுகிப்போயிருந்தன.

"இந்தக் கையோடையோ சபை முழுக்கத் தட்டுக் கொண்டு திரிஞ்சனீர்?" மச்சாளின் குரல் உடைந்தது. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அபசகுனம் எண்டு நினைப்பீங்கள் எண்டு பயந்திட்டன்."

இதை இவ்வளவு வருடத்தில் அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. மச்சாள் திரும்பி, "ஒரு கதிரை கொண்டு வாங்கோ!" என்று கத்தினார்.

கதிரை வந்தது. நான் இருந்தேன். அப்போதுதான் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"மாமி… எனக்கும் ஒரு கதிரை வேணும். நானும் விழுந்திட்டன்."

என் மச்சாள், மாப்பிள்ளையின் தாய், பட்டுச்சேலையோடு மேடையில் மண்டியிட்டு மருமகளின் காலைத் தூக்கிப் பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன். கொலுசுப் பூட்டைத் தன் பல்லால் கடித்துக் கழற்றினார். குளிர்பானத் தொட்டியிலிருந்து ஐஸ் எடுத்து வரச் சொல்லி, தன் தோளில் கிடந்த முந்தானையிலேயே சுற்றி அந்தக் காலில் வைத்தார். "பிள்ளை, உனக்கு நோகேக்கை எனக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லப் போறாய்?" என்று கேட்டுக்கொண்டே அழுதார். அபியின் அம்மா மேடைக்கு ஓடி வந்தார். இரண்டு சம்பந்தியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மிச்சக் கல்யாணம் மணப்பெண் கதிரையில் இருக்க நடந்தது. ஒரு குறையும் வரவில்லை.

எனக்கு எமர்ஜென்சி. அங்கே காத்திருக்கிற நேரத்துக்குள் இன்னொரு கல்யாணம் நடத்தலாம். மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அபிக்கு எலும்பு தப்பியது, நல்ல சுளுக்கு.

ஊர் கதைக்காமல் இருந்ததா? கதைத்தது. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று ஆறுதல் சொல்லவே எத்தனை பேர் போன் எடுத்தார்கள்! ஏன் எல்லோருக்கும் என்னைப் பார்த்ததும் ஆனை நினைவு வருகிறது என்று நான் கேட்கவில்லை. அபசகுனம் என்று ஒரு சிலர் மெல்லத் தொடங்கியும் பார்த்தார்களாம். மச்சாளே பதில் சொல்லிவிட்டாராம்: "ரெண்டு பேரும் என்ர வீட்டு ஆக்கள். விழுந்தா நாங்கள் தூக்குவம்."

இந்தக் கையோடு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. விழுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கால் என்றால் சறுக்கும், அதிலும் இந்த ஊரில். எங்களுக்கு உண்மையான வெட்கம், ஒருவர் வந்து தூக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான். அதை மறைக்க எவ்வளவு நோவையும் பொறுத்துக்கொள்கிறோம்.

நேற்று விட்பியில் இருக்கிற மச்சாள் வீட்டிலிருந்து அபி போன் எடுத்தாள். பின்னால் ஒரே சத்தம்.

"அன்ரி, மாமி டிரைவ்வேயிலை சறுக்கி விழுந்திட்டா!"

"ஐயோ! அடி ஏதும் பட்டிட்டுதோ?"

"இல்லை அன்ரி, ஷீ இஸ் ஓகே. பனிக்கும்பிக்கு மேலை இருக்கிறா. ரோட்டு முழுக்கக் கேக்கக் கத்துறா… 'பிள்ளை, விழுந்திட்டன், வந்து தூக்கு!'"

இப்படி ஒரு போன் வருமென்றால் நான் இன்னொரு தரம் விழவும் தயார். வலது கை மிச்சம் இருக்கிறது.