கண்ணை மூடக் கூடாதவர்

என் அக்காள் புருஷன் புவனேஸ்வரனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. முப்பது வருஷமாக அவரைத் திட்டியே பழகிய வாய் இது. பினாங்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டினார். லாரி ஓட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சம்சுச் சாராயம் குடித்தார். கடைசி வருஷங்களில் லாரி ஓட்டும் நேரத்திலும் குடித்தார்.

என் அக்காள் அபிராமி சிறுநீரகம் கெட்டு ஐந்து வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் இந்த மனுஷன் தள்ளாடிக்கொண்டே வந்து, ஊர் சனம் பார்க்க வாசலில் குப்புற விழுந்தார். அவருடைய ஒரே மகள் துளசி அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவள் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் அப்பா பெயர் இருந்தது, அப்பாவுக்குப் பத்திரிகை வரவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் அவர் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருக்கிறேன். பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. மிச்சமாகும் சோற்றைக் கொண்டுவந்து அவருக்குப் போடுவேன், கூடவே நாலு திட்டும் போடுவேன். எதுவும் மிச்சமாகாத நாளில் திட்டு மட்டும்.

காலில் கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தது பசாரில் மீன் விற்கும் சீனத்தி. "அய்யா, சிலிப்பர், சிலிப்பர்!" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால் இவருடைய ஒரு செருப்பு பத்தடி பின்னால் கிடக்கிறது. இவர் ஒற்றைச் செருப்போடு ஈரத்தில் நடந்துகொண்டிருக்கிறார். அன்றைக்கும் குடித்திருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் லாரியைக் கொண்டுபோய்த் துறைமுக வாசல் கேட் கம்பத்தில் இடித்தார். பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்று காலுக்குத் தெரியவில்லையாம். வேலை போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்திக்கொண்டே மேலே வந்தார். முழங்கால் பக்கம் வந்த பிறகுதான் இவர் முகம் சுளித்தது. குடி நரம்புகளைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். அடியோடு நிறுத்தினால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், கொஞ்சம் திரும்பியும் வரலாம், வருஷக்கணக்கு ஆகும், முழுசாக வரும் என்று சொல்ல முடியாது என்றார். தொட்டால் தெரியாத அந்தக் காலில் எரிச்சல் மட்டும் இருந்தது. அது என்ன நியாயமோ எனக்கு விளங்கவில்லை.

அதே வாரம் துளசிக்குப் பையன் பிறந்தான். போனில் என்னிடம் சொன்னாள்: "ஒரு வருஷம் குடியத் தொடாம இருக்கட்டும் சித்தி. அதுக்கப்புறம் பிள்ளைய நானே அவர் கையில குடுக்குறேன்."

அவரிடம் சொன்னேன். கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னிலேருந்து எண்ணலாமா சுபா? இல்ல, காலையில கொஞ்சம் குடிச்சிட்டேன். நாளையிலேருந்து எண்ணு."

முதல் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உடம்பு உதறிய உதறலைப் பார்த்து, ஒரு வாய் ஊற்றிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு வைட்டமின் மாத்திரை, காலுக்கு அகலமான சப்பாத்து, ஒரு கைத்தடி. வாரம் இரண்டு தரம் நடைப் பயிற்சி. பயிற்சி கொடுத்தது நூருல் என்ற மலாய்ப் பெண். சின்ன உருவம், பெரிய அதட்டல். கம்பியைப் பிடித்து நடக்க வைப்பாள், மெத்தை மேல் நிற்க வைப்பாள். அவள் முதல் நாளே சொன்னது ஒன்று உண்டு: "பாக்சிக், நிக்கிறப்ப கண்ண மூடாதீங்க. தரை எங்கருக்குன்னு உங்க காலுக்குத் தெரியாது. கண்ணுதான் காலுக்குச் சொல்லுது." அவள் மலாயில் சொன்னதை நான்தான் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். முகம் கழுவும்போது உட்காருங்கள், சோப்புப் போடும்போது உட்காருங்கள் என்று தினமும் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கத்தியது இந்த வாய்தான்.

குடிக்கவில்லை. அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். தீபாவளியன்று பழைய கூட்டாளிகள் கீழே நின்று கூப்பிட்டார்கள். கதவை உள்ளே பூட்டிச் சாவியை ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்துவிட்டார்.

ஆனால் நடை பழைய நடையாகவே இருந்தது. காலை அகட்டி, தூக்கித் தொப்பென்று வைத்து, சுவரைத் தடவிக்கொண்டு. குடிக்கிற காலத்திலும் அப்படித்தான் நடந்தார், குடியை விட்ட பிறகும் அப்படித்தான் நடந்தார். லிஃப்டில் கூட வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் முறைப்பேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

வருஷம் முடிகிற வாரம் துளசி போன் செய்தாள். ஜெலுத்தோங்கில் அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தையின் முதல் பிறந்தநாள் பூசை. "அப்பாவக் கூட்டிட்டு வாங்க சித்தி. பூசை முடிஞ்சதும் பிள்ளையக் குடுக்குறேன்."

மூன்று நாள் அந்த மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளைச் சட்டையை நானே தேய்த்துக் கொடுத்தேன். கிராப் வாடகைக் காரில் போகும்போது ஒரு தலையணையை மடியில் வைத்து, கையை எப்படி வைத்தால் குழந்தைக்குக் கழுத்து வலிக்காது என்று கேட்டார். ஒரு வயசுப் பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் நின்றிருக்கும் மாமா, வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம்.

சப்பாத்தை வாசலில் கழற்றினார். தடியின் ரப்பர் முனை அழுக்காக இருந்ததால் அதையும் வெளியிலேயே வைத்துவிட்டார். சுவரைப் பிடித்து உள்ளே வந்து சாமி மேடைக்கு எதிரே நின்றார். சம்பந்தி வீட்டார் பதினைந்து பேர் இருந்தார்கள். துளசியின் புருஷன் தனேஷ் தட்டில் கற்பூரம் ஏற்றினான். துளசி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள். இவர் மட்டும் கைகூப்பியபடி கண்ணை அகல விழித்துக்கொண்டு நின்றார். தனேஷின் அம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

எனக்கு மானம் போயிற்று. சாமிக்கு முன்னால் இப்படியா முழிப்பது என்று வந்த கோபத்தில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. முழங்கையால் இடித்தேன்.

"மாமா, கண்ண மூடிக் கும்பிடுங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். மூடினார்.

முதலில் கொஞ்சம் ஆடினார். பிறகு மரம் மாதிரி முன்பக்கம் சரிந்தார். குத்துவிளக்கு உருண்டது, எண்ணெய் கொட்டியது, குழந்தை வீறிட்டு அழுதது. "காலங்காத்தாலயேவா?" என்றாள் தனேஷின் அம்மா. யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

துளசி வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். குனிந்து, மூக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒன்பது வயசில் அவளுக்கு இதுதான் வேலை. அக்காள் அனுப்புவாள், அப்பா வாயை மோந்து பார்த்துவிட்டு வா என்று. அந்தக் காலத்தில் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு பிள்ளையைத் தள்ளிவிடுவார். இன்றைக்கு யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்தார். பல் டாக்டரிடம் திறப்பதுபோல அகலமாகத் திறந்து, திறந்தபடியே காத்திருந்தார். பதினைந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் மூடச் சொன்னேன், குற்றம் என் மேல் என்று. முப்பது வருஷம் ஓயாத வாய் அந்த ஒரு நிமிஷம் ஒட்டிக்கொண்டது. சம்பந்திக்காரிக்கு முன்னால் எனக்கு வெட்கம். என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

துளசி எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வரவில்லை. தனேஷ் எங்களைக் கீழே கொண்டுவந்து காரில் ஏற்றிவிட்டான். வழியில் நான் அழுதேன். அவர், "நீ ஏன் அழுவுற? சாமி கும்பிடத்தானே சொன்ன," என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லவேள சுபா, பிள்ள என் கையில இல்ல," என்றார்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நான் மட்டும் ஜெலுத்தோங் போனேன். துளசியிடமும் அவள் மாமியாரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். நூருல் சொன்னது, நான் மறந்தது, முழங்கையால் இடித்தது எல்லாம். மாமியார் எழுந்து போய் எனக்குத் தேத்தண்ணி போட்டாள்.

"அவர் குடிக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும் சித்தி," என்றாள் துளசி. "வாடையே இல்ல. ஆனா வாயத் தொறந்தாரு பாருங்க. நான் கேக்கவே இல்ல. அத்தன பேரு முன்னாடி என் அப்பாவ நான் வாயத் தொறக்க வச்சிட்டேன் சித்தி."

அடுத்த ஞாயிறு அவளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்கு வந்தாள். அவர் தரையில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துளசி குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்தாள், அவரும் வாங்கினார். ஆனால் குழந்தைக்கு அந்த முகம் புதுசு. அலறிக்கொண்டு நெளிந்து, அவர் பிடியிலிருந்து வழுக்கித் தரையில் இறங்கிவிட்டது. கையிலிருந்தது நாலு நொடிகூட இருக்காது.

"பழகிருவான்பா," என்றாள் துளசி.

அவர் தலையாட்டினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துளசி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தை வீட்டை ஒரு சுற்றுத் தவழ்ந்து வந்தது. அழுகையை மறந்துவிட்டது. நீட்டியிருந்த அவர் பாதங்களைப் பிடித்து எழுந்து நின்று பார்த்தது, பிறகு அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, கட்டை விரலை இழுத்து விளையாட ஆரம்பித்தது.

துளசி வாயில் விரல் வைத்து என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். அப்பாவே பார்க்கட்டும் என்று நினைத்தாள்போல. காத்திருந்தோம். அவர் துண்டை எடுக்கவே இல்லை. கடைசியில் அவளே மெல்லச் சொன்னாள்.

"அப்பா, உங்க கால் மேலதான் உக்காந்திருக்கான்."

துண்டை இறக்கிப் பார்த்தார். கையை நீட்டினால் பயந்து போய்விடுமோ என்று நீட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எப்பம்மா வந்து உக்காந்தான்?" என்று கேட்டார்.

பத்து நிமிஷமாகிறது என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.